நாகூர்க் கொடி: ஒரு நிலப்பகுதியின் அடையாளமும் அதன் வரலாறும்

நாடுகளுக்குக் கொடி உண்டு. கட்சிகளுக்கும் கொடி உண்டு. ஒரு மாவட்டத்திற்குக் கொடி உண்டா என்று வினவினால் நம்மவரில் பலர் வியப்படைவர். மாவட்டங்களுக்குத் தனிக்கொடி வைத்துக்கொள்ளும் மரபு நம் நாட்டு ஆட்சிமுறையில் இல்லை. இங்கிலாந்தில் நிலை வேறு. அங்கு 'கவுண்டி' எனப்படும் நிலப்பிரிவுகள் ஒவ்வொன்றும் தத்தமக்கெனக் கொடி கொண்டிருக்கின்றன. அவற்றுள் சில பழமையானவை. பல அண்மைக்காலத்தில் அமைந்தவை. கார்ன்வால் மக்கள் உயர்த்தும் கருநிறத்தின்மீது வெண்சிலுவை பொறித்த கொடி, வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளரின் காவலராகக் கருதப்படும் பிரான் என்னும் துறவியின் பெயரால் வழங்குகிறது. அதன் அண்டை நிலமான டெவன், 2003ஆம் ஆண்டில் பச்சை, கறுப்பு, வெள்ளை நிறங்களில் ஒரு கொடியை அமைத்துக்கொண்டது. அதுவும் பெட்ரோக் என்னும் துறவிக்கு உரியதாகவே அறிவிக்கப்பட்டது. ஒரு நிலத்தின் மக்கள் தம் நிலத்திற்குக் கொடி தேடும்போது, அரசரை விடுத்து இறைநேசர் ஒருவரின் பெயரை நாடுகின்றனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

நம் நாட்டில் மாநிலக் கொடி பற்றிய பேச்சே அரிதாகத்தான் எழுந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி, தேசியக் கொடியை ஒரு மூலையிலும் மாநில அரசின் கோபுரச் சின்னத்தை எதிர்மூலையிலும் கொண்ட ஒரு கொடி வரைவை முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. 2018ஆம் ஆண்டில் கருநாடக அரசு மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் ஒரு மாநிலக் கொடியை ஏற்று, நடுவணரசின் இசைவை வேண்டியது. சம்மு காசுமீரத்திற்கு 1952 முதல் இருந்துவந்த தனிக்கொடி 2019இல் நீங்கியது. இவையெல்லாம் அரசுகள் வரைந்த கொடிகள். அரசுகளின் முடிவால் நின்றவை அல்லது நீங்கியவை.

ஆயினும், எந்த அரசாணையும் இன்றி, காவிரிப் படுகையின் கடலோர மக்கள் சாதி சமய வேறுபாடின்றித் தம்முடையதாகக் கொண்டாடும் கொடி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை தென்பட்டதும் நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களிலும் ஏறும் கொடியே அது. அக்கொடியின் அமைப்பு, வரலாறு, பொருள் ஆகியவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அக்கொடியைப் பற்றி இன்று இரு திசைகளிலிருந்தும் கண்டனம் எழுகின்றது. ஒரு சாரார் அதனை அயல்நாட்டுச் சின்னம் என்கின்றனர். மற்றொரு சாரார் அது கோயிலிலிருந்து வந்த சடங்கு என்கின்றனர். இவ்விரு கூற்றுகளையும் வரலாற்றின் துணைகொண்டு எடைபோட வேண்டியது நம் கடமையாகிறது.

சோழக் கடற்கரையில் கொடிகள்

'கொடி' என்னும் தமிழ்ச்சொல் படரும் செடியையும் பறக்கும் துணியையும் ஒருங்கே குறிப்பது. தொல்காப்பியம் கொடிநிலையைப் புறத்திணை மரபில் தனியே எண்ணுகிறது. சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல், சேரர்க்கு வில் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்தது. இவை அரசர் கொடிகள். ஆனால் பழந்தமிழகத்தில் கொடி அரசர்க்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் பறந்த பல்வகைக் கொடிகளை வரிசைப்படுத்துகிறது. வழிபாட்டிடத்துக் கொடி, கற்றறிந்த ஆசிரியர் வாதுக்கு அழைத்து உயர்த்திய கொடி, கள் விற்கும் மனைக் கொடி, துறையில் நின்ற கலங்களின் பாய்மர உச்சிக் கொடி என அவை பலவாகும். இங்கே விற்கப்படுவது யாது, இங்கே கற்பிக்கப்படுவது யாது, இங்கே வந்திருப்பவர் யார் என்பதை எழுத்தறியாதவரும் அறியும்படி உணர்த்துவதே அக்கொடிகளின் பணி. நாகூர் அக்காவிரிப்பூம்பட்டினத்திற்குத் தெற்கே, அதே கரையில் அமைந்த துறைநகரம் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பிற்காலத்தில் இக்கரையில் ஏறி இறங்கிய கொடிகளோ கணக்கிறந்தவை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை எழுப்பிய தேனியர், தம் செந்நிறத்தில் வெண்சிலுவைக் கொடியை அங்கே பறக்கவிட்டனர். 1845இல் அவ்வூரை ஆங்கிலேயர்க்கு விற்றபோது அக்கொடி இறங்கியது. நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் கொடி இருந்தது; 1658இல் ஒல்லாந்தர் கொடி ஏறியது; 1781இல் ஆங்கிலேயர் கொடி அதனை அகற்றியது. காரைக்காலில் 1739இல் கால்கொண்ட பிரெஞ்சியர் கொடி 1954 வரை நின்றது. தஞ்சையை ஆண்ட மராட்டியரின் காவிக்கொடி, 1799இல் நாடு கும்பினியார் கைக்கு மாறியபின் கோட்டைக்குள் ஒடுங்கி, 1855இல் அரசமரபு முடிவுற்றதோடு மறைந்தது. தரங்கம்பாடி முதல் நாகப்பட்டினம் வரையிலான, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கரையில் இத்தனை அரசுகளின் கொடிகள் அருகருகே பறந்தன, ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றினிடையே ஏறிய நாகூர்க் கொடி மட்டும், ஏற்றியவர் எவரும் அரசர் அல்லர் என்ற காரணத்தாலேயே, எந்த அரசோடும் வீழாமல் நின்றது எனலாம்.

இஸ்லாமிய வரலாற்றில் கொடி

அறபு மொழியில் கொடியைக் குறிக்க 'லிவா', 'ராயா', 'அலம்' எனச் சொற்கள் பல உள. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ராயா கருநிறமானது என்றும் லிவா வெண்ணிறமானது என்றும் ஹதீஸ் தொகுப்புகளில் அறிவிப்புகள் காணப்படுகின்றன. உஹதுப் போரில் (ஹிஜ்ரீ 3, கி.பி. 625) முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் கொடியைத் தாங்கியவாறே உயிர்த்தியாகம் செய்தார்கள். கைபரில் மறுநாள் கொடி யாரிடம் தரப்படும் என்று தோழர் அனைவரும் இரவெல்லாம் ஏங்கியிருக்க, அது அலீ (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மூத்தாப் போரில் (ஹிஜ்ரீ 8, கி.பி. 629) ஸைத் இப்னு ஹாரிதா (ரலி), ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி), அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) ஆகிய மூவரும் ஒருவர்பின் ஒருவராகக் கொடியேந்தி வீழ்ந்தபின், காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அதனைக் கையேற்றுப் படையைக் காத்தார்கள்.

இந்நிகழ்ச்சிகளில் நாம் காண்பது யாது? கொடி வணங்கப்படும் பொருளாக எங்கும் இல்லை. அது ஒப்படைக்கப்படும் பொறுப்பாக, அமானிதமாக இருக்கிறது. மக்கா வெற்றியின்போது, பழிவாங்கும் சொல்லை உதிர்த்த ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்களிடமிருந்து கொடி வாங்கப்பட்டு அவர்தம் மைந்தர் கைஸ் (ரலி) அவர்களிடம் தரப்பட்டது என்னும் அறிவிப்பு இதனை மேலும் தெளிவாக்கும். கொடி ஏந்துபவர் எத்தகையவர் என்பதே அங்கே கருதப்பட்டது.

பிறையும் விண்மீனும் இஸ்லாத்தின் அடையாளம் என்னும் எண்ணமும் பிற்காலத்தது. நபித்தோழர் காலத்துக் கொடிகளில் பிறை இருந்ததாகச் சான்றில்லை. உமையாக்கள் வெண்மையையும் அப்பாஸியர் கருமையையும் தத்தம் நிறமாகக் கொண்டனர். பிறையோடு விண்மீனைச் சேர்த்த செங்கொடியை உதுமானியக் கடற்படை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் அது அப்பேரரசின் கொடியாக நிலைபெற்றது. அங்கிருந்தே உலக முஸ்லிம்களிடையே அச்சின்னம் பரவியது. திருக்குர்ஆனில் பிறை பேசப்படுவது காலத்தைக் கணிக்கவும் ஹஜ்ஜின் பருவத்தை அறியவும் உதவும் அடையாளமாகவே ஆகும். நாகூர்க் கொடியின் சிறப்பையும் அதன் துணியில் தீட்டப்படும் உருவத்திலோ நிறத்திலோ தேடுவது பொருந்தாது. அது ஏறும் காலம், ஏறும் இடம், ஏற்றும் முறை ஆகிய மூன்றிலுமே அதன் வடிவமைப்பு அடங்கியுள்ளது.

ஐந்து மினாராக்கள்

ஹழ்ரத் ஷாஹுல் ஹமீது காதிர் வலி (ரஹ்) அவர்கள் வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் ஞானாசிரியர் முஹம்மது கவ்து (ரஹ்) அவர்களிடம் பயின்று, பல நாடுகள் சுற்றி, சீடர் பலர் சூழ நாகூர் வந்தடைந்தார்கள் என்பது மரபு வரலாறு. அவர்களின் மறைவு ஹிஜ்ரீ 978, கி.பி. 1570 எனக் கொள்ளப்படுகிறது. தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பர் நோய் நீங்கப்பெற்று நிலமளித்தார் என்ற செய்தியும் வழிவழியாகச் சொல்லப்படுவதே. குலாம் காதிறு நாவலர் உரைநடையில் இயற்றிய 'கன்ஜுல் கராமாத்து' முதலிய நூல்கள் இவ்வரலாற்றைத் தமிழுலகில் நிலைநிறுத்தின.

தர்காவின் ஐந்து மினாராக்களும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. சாகிபு மினாரா, தலைமாட்டு மினாரா, முதுபக்கு மினாரா, ஓட்டு மினாரா, பெரிய மினாரா என்று அவை வழங்குகின்றன. இவற்றுள் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவை எழுப்பியவர், 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் ஆவார். இந்து அரசர் ஒருவர் எழுப்பிய கோபுரத்தின்மீது முஸ்லிம் இறைநேசரின் கொடி ஆண்டுதோறும் ஏறுகிறது என்பதை நாம் எத்துணை முறை கேட்டிருந்தாலும், அதன் முழுப்பொருளையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மன்னரின் காவிக்கொடி தஞ்சைக் கோட்டையில் பறந்த நாளிலேயே, அவர் தம் செலவில் வேறொரு கொடிக்கு உயரமான இடத்தை அமைத்துத் தந்தார். அவருக்குப்பின் வந்த மராட்டிய மன்னர்களும் நெல்விளையும் நிலங்களைத் தர்காவுக்கு மானியமாக வழங்கினர். கந்தூரியின் உணவும் ஒளியும் காவிரி நீரில் விளைந்த நெல்லால் நடந்தன.

'மினாரா' என்னும் சொல்லும் இப்பகுதி மக்கள் நாவில் ஊறியதாகும். தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், மல்லிப்பட்டினம் அருகே, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோசி மன்னர் 1814-15இல் எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் இன்றும் 'மனோரா' என்றே அழைக்கப்படுகிறது. அது பள்ளிவாசலும் அன்று, தர்காவும் அன்று. எனினும் கடற்கரையில் நிமிர்ந்து நிற்கும் கோபுரத்திற்கு அம்மக்கள் அறிந்த பெயர் அதுவாகவே இருந்தது.

கொடி ஏறும் முறை

கந்தூரி 14 நாள் நடைபெறுவது. 'கந்தூரி' என்பது பாரசீகச் சொல். உணவு பரிமாற விரிக்கும் துணியைக் குறித்து, பின்னர் விருந்தையே குறிப்பதாயிற்று. எனவே இவ்விழாவில் துணி இரண்டு: ஒன்று ஏழையர் உண்ண விரிக்கப்படுவது; மற்றொன்று யாவரும் காண உயர்த்தப்படுவது.

கொடி ஏறுவதற்குச் சில நாள் முன்னதாகவே மினாராக்களின் உச்சியில் கம்பங்கள் பொருத்தப்படுகின்றன. இவ்வேலைக்கு ஊரார் வழங்கும் பெயர் 'பாய்மரம் ஏற்றுதல்' என்பதாகும். பிறை முதல்நாள் இரவுக்குரிய கொடிகள் நாகப்பட்டினத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்படுகின்றன. கப்பல் வடிவில் அமைத்து ஒளியூட்டப்பெற்ற ஊர்திகள், செட்டிப் பல்லக்கு, சாம்பிராணிச் சட்டி, நகரா மேடை முதலியன உடன்வர, சில கிலோமீட்டர் தொலைவைப் பல மணிநேரத்தில் கடந்து அவை நாகூரை அடைகின்றன. வழியெங்கும் வீட்டு வாயில்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் காத்து நிற்பர். தர்காவில் துஆ ஓதப்பட்டபின் ஐந்து மினாராக்களிலும் கொடிகள் ஏறுகின்றன. பத்தாம் நாள் இரவில், நாகப்பட்டினம் அபிராமி அம்மன் கோயில் திடலிலிருந்து சந்தனக்கூடு புறப்படுகிறது. விழா நிறைவில் கொடி இறக்கப்படுகிறது.

காலத்தைப் பொறுத்தும் இக்கொடிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 அன்று ஏறும் கொடி ஆண்டுதோறும் அந்நாளிலேயே ஏறும். கோயில்களின் கொடியேற்றங்களும் அந்தந்த மாதத்து நட்சத்திரத்தைத் தப்பாமல் வருவன. பிறைக்கணக்கைச் சார்ந்த நாகூர்க் கொடியோ ஆண்டுக்குச் சற்றேறக்குறைய 11 நாள் முன்னேறி, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் பருவங்கள் அனைத்தையும் ஒருமுறை சுற்றி வருகிறது. 2005ஆம் ஆண்டில் அது ஜூலையில் ஏறியது. 2024ஆம் ஆண்டில் டிசம்பரில் ஏறியது. குறுவை நிற்கும் காலம், சம்பா நிற்கும் மழைக்காலம், அறுவடைக்காலம், வயல் வெடித்துக் கிடக்கும் கோடை ஆகிய அனைத்தையும் ஒரு தலைமுறைக்குள் அக்கொடி காண்கிறது. உழவருக்கு அது ஒரே பருவத்தின் விழாவாக அமைவதில்லை. விளைச்சல் கையிலிருக்கும் ஆண்டும் வரும், கையில் ஒன்றுமில்லாத ஆண்டும் வரும்.

பாய்மரம் உணர்த்தும் செய்தி

மினாராவின் உச்சிக் கம்பத்திற்குப் பாய்மரம் என்று பெயர் அமைந்தது தற்செயலன்று. கொடிமரம், கம்பம் எனும் சொற்கள் தமிழில் இருந்தும், கப்பலுக்குரிய சொல்லையே இவ்வூரார் தெரிந்தெடுத்தனர். ஊர்வலத்தில் வரும் ஊர்திகள் கப்பல் வடிவினவாக இருப்பதும் இதனோடு ஒத்துச்செல்கிறது. கலம் செலுத்துவோனைக் குறிக்கும் 'மாலுமி' என்னும் சொல் 'முஅல்லிம்' என்னும் அறபுச் சொல்லின் வழிவந்தது. 'மரைக்காயர்' என்பது மரக்கலத்தோடு தொடர்புடையது என்பாரும் உளர். கடலே இம்மக்களின் வாழ்வாகவும் அச்சமாகவும் இருந்தது.

ஹழ்ரத் அவர்களின் பெயரால் வழங்கும் செய்திகளுள் மிகப் புகழ்பெற்றதும் கப்பலைப் பற்றியதே. அவர்கள் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த கண்ணாடியை எறிய, அது நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கவிருந்த ஒரு கப்பலின் துளையை அடைத்தது என்று அம்மரபு கூறும். அதன் உண்மையை அளக்கும் கருவி வரலாற்றாசிரியனிடம் இல்லை. ஆனால் எத்தகைய மக்கள் இச்செய்தியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர் என்பதை அவன் அறிய முடியும். கடலில் மகனையும் கணவனையும் அனுப்பிவிட்டுக் கரையில் காத்திருந்தவர்களே அவர்கள்.

மினாராவின் உயரத்தையும் இந்நோக்கில் கருதுதல் வேண்டும். சோழமண்டலக் கரை குன்றுகளற்ற சமநிலம். கடலிலிருந்து வருவோனுக்கு ஊர் எது, துறை எது என்று காட்டும் இயற்கை அடையாளம் எதுவுமில்லை. 131 அடி என்பது ஏறத்தாழ 40 மீட்டர். புவியின் வளைவைக் கணக்கிட்டால், அத்துணை உயரமுள்ள ஒரு முனை கடல்மட்டத்தில் இருப்பவனுக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவுவரை தென்படக்கூடும். கப்பலின் மேல்தளத்தில் நிற்பவனுக்கு இன்னும் சற்று அப்பாலிருந்தே தெரியும். ஆகவே பெரிய மினாரா எழுந்தபோது, தொழுகைக்கும் வாழ்த்துக்கும் உரிய கட்டடமாக மட்டுமன்றி, வீடு திரும்பும் மாலுமிக்கு முதலில் தெரியும் நிலப்பொருளாகவும் அது அமைந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கின், துறைநகர் ஒன்று தன்னையே ஒரு கப்பலாகக் கருதி, தன் உச்சிகளில் பாய்மரம் நாட்டிக் கொடியுயர்த்தியது என்று கொள்வதே பொருத்தம் என்பது நம் கருத்து. கோயில் கொடியேற்றத்தின் சாயல் இதில் அறவே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஒரே தெருவில் வாழ்ந்தோர் விழாவெடுக்கும் முறையில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது இயல்பு. ஆனால் முதன்மையான சான்றுகள் கோயிலைக் காட்டிலும் கடலையே சுட்டுகின்றன.

கடல் கடந்த கொடிகள்

இக்கருத்துக்கு மேலும் வலுவூட்டுவன கடல்கடந்த நாடுகளில் உள்ள நினைவிடங்கள். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய ஊர்களின் வணிகர் அச்சே, கெடா, மலாக்கா ஆகிய துறைகளோடு நெடுங்காலமாகத் தொடர்புகொண்டிருந்தனர். 1786இல் பினாங்கும் 1819இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயத் துறைகளாக எழுந்தபோது அவர்கள் அங்கும் குடியேறினர். பினாங்கின் சூலியாத் தெருப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூராரின் பெயரால் ஒரு நினைவிடம் எழுந்தது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே மற்றொன்று கட்டப்பட்டது. அது 1974இல் அந்நாட்டின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, பின்னர் புதுப்பிக்கப்பெற்று, இன்று இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர்க் கந்தூரியையொட்டிக் 'கொடியேற்ற விழா'வே பெருவிழாவாக நடைபெறுகிறது.

இவ்விடங்களில் ஹழ்ரத் அவர்களின் உடல் அடங்கியிருக்கவில்லை. அடக்கத்தலம் இல்லாத இடத்தில், புறப்பட்ட ஊரின் நினைவைத் தாங்க ஓர் அடையாளம் தேவைப்பட்டது. கல்முனைக்குடியில் விழாவின் பெயரே கொடியைக்கொண்டு அமைந்ததன் காரணம் இதுவாகலாம். கல்லறையைக் கடல்கடந்து எடுத்துச்செல்ல இயலாது. கொடியைச் சுருட்டி எடுத்துச்செல்லலாம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் கல்முனையையும் ஒரே காலையில் அழித்தது. தமிழகத்தில் மிகுதியான உயிர்களை இழந்தது நாகப்பட்டின மாவட்டமே. கடலை நம்பியும் அஞ்சியும் வாழ்ந்த இவ்விரு கரைகளும் அடுத்துவந்த கந்தூரியில் கொடி ஏறியதைக் கண்டபோது என்ன உணர்ந்திருக்கும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இரு திசைக் கண்டனங்கள்

இனி, தொடக்கத்தில் சுட்டிய கண்டனங்களுக்கு வருவோம். முதலாவது வெளியிலிருந்து வருவது. பச்சைத் துணியையும் பிறையையும் எங்குக் கண்டாலும் அதனை அண்டை நாட்டின் கொடியாகக் கருதும் அறியாமை அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கிறது. 1948 மார்ச் 10 அன்று சென்னை இராசாசி மண்டபத்தில், கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் தலைமையில் உருவான இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் கொடிகூட, 2019 நாடாளுமன்றத் தேர்தலின்போது கேரளத்தின் வயநாட்டில் பாகிஸ்தான் கொடியெனத் தூற்றப்பட்டது. பாகிஸ்தான் கொடி 1947 ஆகஸ்டில் ஏற்கப்பட்டது. கம்பத்தையொட்டி வெண்பட்டை கொண்டது. மராட்டிய மன்னர் பெரிய மினாராவைக் கட்டி முடித்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்தபின் பிறந்தது அது. நாகூர்க் கொடியை அயலதென்பார், பிரதாபசிம்மரையும் அயலவர் என்று சொல்லும் நிலைக்கு வந்துசேர்வர்.

இரண்டாவது கண்டனம் நம்முள்ளிருந்தே எழுவது. கந்தூரியும் கொடியேற்றமும் மார்க்கத்தில் ஆதாரமற்றவை என்று சீர்திருத்தவாணர் கூறுகின்றனர். இது இன்று நேற்று எழுந்த குரல் அன்று. தஞ்சை மாவட்டத்துக் கீழ்மாந்தூரில் பிறந்து 'தாருல் இஸ்லாம்' இதழை நடத்திய பா. தாவூத்ஷா அவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மூடவழக்கங்களைக் கடிந்தெழுதினார்கள். அவரும் இக்காவிரி மண்ணின் மைந்தரே. 1980களுக்குப்பின் இக்குரல் மேலும் வலுப்பெற்றது. ஒரே குடும்பத்தில் தந்தை கொடி ஊர்வலத்தை எதிர்நோக்கி வாயிலில் நிற்க, மகன் கதவைச் சாத்திக்கொள்ளும் நிலை பல ஊர்களில் உண்டு. இது சிறிய பிளவன்று.

இக்கண்டனத்தில் உள்ள உண்மையை நாம் மறுக்கலாகாது. துணிக்கு ஆற்றல் உண்டென்று நம்புவதும், வேண்டுதலை அல்லாஹ்விடமன்றிப் பிறரிடம் வைப்பதும் ஏகத்துவக் கொள்கைக்கு ஒவ்வாதன. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. நாம் மேலே கண்டவாறு நபித்தோழரின் கையிலிருந்த கொடியும் வணக்கத்திற்குரியதாக இருக்கவில்லை. எனவே கொடியைத் தொட்டு முத்தமிடுவதையும், அதன் துணியைக் கிழித்து மருந்தாகக் கட்டிக்கொள்வதையும் அறிஞர் கண்டித்தால் அது முறையான கண்டனமே.

ஆயினும் வழக்கத்தில் நுழைந்த பிழையைக் களைவது வேறு. வரலாற்றை அழிப்பது வேறு. "இது கோயிலிலிருந்து வந்தது, ஆகவே தள்ளுக" என்னும் வாதம் மார்க்கச் சட்டத்தின் வாதமன்று. அது ஒரு வரலாற்றுக் கூற்று. வரலாற்றுக் கூற்றுக்குச் சான்று வேண்டும். நாம் கண்ட சான்றுகள் கப்பலையும் துறைமுகத்தையும் வணிகரையும் காட்டுகின்றன. கொடியை மார்க்கக் கடமையாக உயர்த்துவோரும் சரி, அயற்சமயச் சடங்காகத் தாழ்த்துவோரும் சரி, அது கடலோர மக்களின் அடையாளமாகப் பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். அடையாளத்தை அடையாளமாகவே வைத்துக் கொள்வதற்கு மார்க்கத்தில் தடையுண்டா என்பதை உலமாக்கள் விளக்கட்டும். அவ்விளக்கத்திற்கு வேண்டிய வரலாற்றைப் பிழையின்றித் தொகுத்துத் தருவது நம்மனோர் பணி.

செய்யத்தக்கவை

இங்கிலாந்துக் கவுண்டிகளின் கொடிகளுக்கெனப் பதிவேடு உண்டு. கொடியின் நீள அகலம், நிறம், சின்னம், அதன் பொருள், முதன்முதலில் ஏறிய நாள் ஆகிய அனைத்தும் அதில் எழுதிவைக்கப்பட்டுள்ளன. நாகூர்க் கொடிக்கு அத்தகைய பதிவேடு ஒன்று அமைய வேண்டும். ஐந்து கொடிகளின் துணி, அளவு, தையல், அவற்றைத் தைத்துத் தரும் உரிமை பெற்ற குடும்பங்கள், பாய்மரம் ஏற்றும் தொழிலாளர், ஊர்வலப் பாதையில் ஒவ்வொரு தெருவும் ஆற்றும் பணி ஆகியவற்றை முதியோர் வாய்மொழியாக அறிந்துள்ளனர். அவர்கள் மறைந்தால் அவ்வறிவும் மறையும். தஞ்சை மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களிலும், ஒல்லாந்தர், தேனியர் ஆவணங்களிலும் இத்துறைநகர் பற்றிய குறிப்புகளைத் தேடித் தொகுப்பதற்கும் மொழியறிந்த இளைஞர் முன்வர வேண்டும். பினாங்கு, சிங்கப்பூர், கல்முனைக்குடி ஆகிய இடங்களின் வழக்கங்களையும் இவற்றோடு ஒப்புநோக்கினால், எது நாகூரிலிருந்து சென்றது, எது அங்கே புதிதாகச் சேர்ந்தது என்பது தெளிவாகும்.

அத்தகைய பதிவேடு உருவாகுமாயின் கொடியைப் போற்றுவோருக்கும் மறுப்போருக்கும் பொதுவான ஓர் அடிப்படை கிட்டும். அதன்பின் நிகழும் வாதம், பட்டினப்பாலை காலத்து ஆசிரியர் தம் கொடிகளை உயர்த்தி நடத்திய வாதத்தைப்போல, கற்றோர் கற்றோரோடு நிகழ்த்துவதாக அமையும். கொடி ஒப்படைக்கப்படும் பொறுப்பு என்பதே நம் முன்னோர் வரலாறு கற்பித்த பாடம். நம் கைக்கு வந்துள்ள பொறுப்பை அறிவோடு தாங்கி அடுத்தவர் கையில் சேர்க்க வல்ல நாயன் நமக்கு அருள்புரிவானாக.